ஒத்தக் கம்பியில எரிஞ்ச பல்பு

எங்க ஊட்டுக்காரருக்குக் கரண்ட் வேலை தெரியும்னு ஊரே சொல்லும். அவரும் அதை நம்பினாரு. அந்தப் பேச்சைக் கேட்டா எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. என்ன தெரியும் அவருக்கு? ஃபீஸ் போனாக் கம்பி சுத்தத் தெரியும். ஹோல்டர்ல பல்பு மாட்டத் தெரியும். மோட்டார் ஓடலைன்னா ஸ்டார்ட்டர் பெட்டியை ஒரு தட்டு தட்டத் தெரியும். இத்தனையூண்டு தெரிஞ்சு வச்சுக்கிட்டு, முதலமடைப் பக்கம் நாலு தோட்டத்துக்கு வாத்தியார் மாதிரி நடந்துக்குவாரு. வெறுங்காலோட நின்னு மெயின் பெட்டியைத் திறப்பாரு. "நிறுத்திப்போட்டுப் பண்ணுங்க"ன்னு நான் சொன்னா, இவளுக்கு எதுக்கு இந்த வம்புன்னு ஒரு பார்வை பார்ப்பாரு. அந்தப் பார்வையை நான் எத்தனையோ வருசம் பொறுத்துக்கிட்டேன். பொறுத்திருக்கக் கூடாது.

எழுபதுகள்ல நடந்தது இது. எங்க தோட்டத்துக்குக் கரண்ட் வந்து ரெண்டு மூணு வருசந்தான் ஆகியிருந்துச்சு. ஊட்டுக்கு லைட்டு, கிணத்துக்கு மோட்டார், அவ்வளவுதான். ஊட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல மாங்கா கொட்டாய். பறிச்ச காயைக் கொட்டி, தரம் பிரிச்சு, வைக்கோல் வச்சுக் கூடை கட்டற இடம். சீசன் நாள்ல லாரி பொழுது சாயத்தான் வரும். இருட்டுக் கட்டறதுக்குள்ள கூடை கட்டி முடியாது. வைக்கோலுக்கு நடுவுல லாந்தரை வச்சு வேலை பார்க்கறது ஆபத்துன்னு அவரேதான் சொன்னாரு. கொட்டாய்க்கு ஒரு லைட்டு போட்டுறலாம்னாரு. அது நல்ல ரோசனைதான், நானும் சரின்னுதான் சொன்னேன்.

பொள்ளாச்சிக்குப் போயி வயர் வாங்கிட்டு வந்தாரு. இழுத்துப் பார்த்தா ஊட்டுல இருந்து கொட்டாய் வரைக்கும் ஒரு தடவை போகத்தான் எட்டுச்சு. கரண்டுக்கு ரெண்டு கம்பி வேணும், ஒண்ணுல போயி இன்னொண்ணுல திரும்பணும். எனக்கே தெரிஞ்ச சங்கதி இது. மறுவாரம் பொள்ளாச்சிக்குப் போயி இன்னொரு சுருள் வாங்கிட்டு வந்திருந்தா முடிஞ்சு போச்சு. ஆனா எங்கியோ ஒரு தோட்டத்துல பார்த்துட்டு வந்த வித்தை அவரைச் சும்மா இருக்க விடலை. பழைய தண்ணிக் குழாய் ஒண்ணை எடுத்து, கொட்டாய்க்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள அடிச்சு எறக்கினாரு. மேல முழங்கால் ஒசரத்துக்குக் குழாய் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. ஊட்டுல இருந்து வந்த கம்பியைப் பல்புக்கு ஒரு பக்கம் மாட்டினாரு. இன்னொரு பக்கத்துல இருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து அந்தக் குழாயில சுத்தினாரு. ஊட்டுக்குள்ள போயி சுவிட்சைப் போடுன்னாரு. போட்டேன். பல்பு எரிஞ்சுது.

அன்னிக்கு அவரு நின்ன நிலையைப் பார்க்கணுமே. பூமியே ஒரு கம்பிதான், நாம எதுக்கு இன்னொரு கம்பிக்கு அலையணும்னு வந்தவங்க போனவங்ககிட்டெல்லாம் சொன்னாரு. பல்பைக் கழட்டினாக் குழாய்க்குக் கரண்ட் வராது, பல்பு வழியாத்தான் போகுதுன்னு விளக்கம் வேற. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வந்து பார்த்து வாயைப் பொளந்துட்டு, எங்களுக்கும் போட்டுக் குடுங்கன்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. இத்தனைக்கும், லைன்மேன் வர்றாருன்னு தெரிஞ்சா மட்டும் கம்பி சுருண்டு வைக்கோல் போருக்குள்ள போயிரும். தப்புன்னு தெரியாமலா ஒளிச்சு வைப்பாரு மனுசன்?

எங்க பக்கம் மலை மழையை மறிச்சுக்கும். மாசி பொறந்தா மண்ணு சுட்ட ஓடு மாதிரி ஆயிரும். குழாயைச் சுத்தி ஈரம் காயக் காய பல்பும் மங்கிக்கிட்டே வந்துச்சு. கடைசியில மின்மினிப் பூச்சி அளவுக்கு வந்து நின்னுச்சு. ஒரு நாள் யாரோ கை கழுவின தண்ணியைக் குழாய்க்கிட்ட ஊத்தினாங்க. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. அவ்வளவுதான், ஊட்டுக்காரருக்குத் தலைகால் புரியலை. அன்னியில இருந்து தினமும் பொழுதோட குழாய்க்கு ஒரு குடம் தண்ணி ஊத்தணும்னு சட்டம் போட்டாரு. தண்ணி ஊத்தறது பொம்பளை வேலையாம், அதனால என் தலையில விழுந்துச்சு. பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போதுதான் ஊத்தணும். அவரு கொட்டாய்க்குள்ள பல்புக்குக் கீழ நின்னுக்கிட்டு, "இன்னுங் கொஞ்சம்... இன்னுங் கொஞ்சம்... போதும்"னு அளவு சொல்லுவாரு. வெயில் காயற வேசகாலத்துல குடிக்கற தண்ணிக்கே கிணத்துல எட்டிப் பார்க்கற ஊரு எங்களது. அந்தத் தண்ணியைக் கொண்டு போயி ஒரு இரும்புக் குழாய்க்கு ஊத்தினேன்.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, பித்தளைக் குடத்தோட வாய் குழாயில பட்டுச்சு. உள்ளங்கையில இருந்து தோள்பட்டை வரைக்கும் சுண்டி இழுத்துச்சு. அவர்கிட்டச் சொன்னேன். எறும்பு கடிச்சிருக்கும்னாரு. ரெண்டாந்தடவை இழுத்தப்போ, ஈரக் கையில அப்படித்தான் இருக்கும், பழகிப் போயிரும்னாரு. எதுக்குப் பழகணும்? யாராவது சாவுக்குப் பழகுவாங்களா? மூணாந்தடவை குடம் கையை விட்டு எகிறிப் போயி விழுந்து நசுங்கிப் போச்சு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கிட்டு, நாக்குல ரத்தம் வந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயி நசுங்கின குடத்தை அவர் முன்னால போட்டேன். இனி நான் ஊத்த மாட்டேன், உங்க பல்புக்கு நீங்களே ஊத்திக்குங்கன்னு சொல்லிப்போட்டேன்.

அவரு சண்டை போடலை. சரி உடு, வேற ஆளு இருக்குதுன்னாரு. திரும்பி, கூடை கட்டிக்கிட்டு இருந்த பொண்ணைக் கூப்பிட்டாரு.

அந்தப் பொண்ணும் அவங்க அம்மாளும் கோவிந்தாபுரத்துல இருந்து சீசன் வேலைக்கு நடந்து வருவாங்க. பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும். கூடை கட்டறதுல அவளை அடிச்சுக்க ஆள் இல்லை. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குக் கேலி பேசும். ஆனமலைப் பக்கம் மாப்பிள்ளை பேசி, வைகாசியில கல்யாணம்னு நாள் குறிச்சிருந்தாங்க. எங்கிட்ட வந்து, ஏனுங்கக்கா, மாமியாளுக்கு நான் போடற கொழம்பு புடிக்குமான்னு கேட்டுக்கிட்டு இருப்பா. அப்பன் இல்லாத புள்ளை. நாலு எடத்துல தட்டிப் போயி, அஞ்சாவதா அமைஞ்ச சம்பந்தம் அது. இதுவும் போயிருச்சுன்னா அவளுக்கு இன்னொண்ணு அமையறது கஷ்டம்னு அவங்க அம்மா எங்கிட்டயே சொல்லியிருக்குது.

அவகிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "குழாயைத் தொட்டுறாத கண்ணு, எட்ட நின்னு ஊத்து." அவ்வளவுதான். ஏன்னு சொல்லலை. ஊட்டுக்காரர் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாரு, ஆளுக முன்னால அவர் மானத்தை வாங்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். என் தலையில இருந்து வேலை போச்சேன்னு நிம்மதியாக் கூட இருந்துச்சு எனக்கு. இதைச் சொல்ல வெக்கமாத்தான் இருக்குது. அவரை மட்டும் வைஞ்சுட்டுப் போனா அது நாயமில்லை.

ஒரு வாரம் ஒண்ணும் ஆகலை. அப்பறம் ஒரு பொழுதுல, லாரி வந்து நின்னுருச்சு, ஆளுக எல்லாம் பரபரன்னு கூடை தூக்கிக்கிட்டு இருந்தாங்க. பல்பு மங்கலா இருக்குதுன்னு இவரு சத்தம் போட்டாரு. அந்தப் பொண்ணு குடத்தோட ஓடினா. தினமும் ஊத்தி ஊத்திக் குழாயடி சேறாக் கிடந்துச்சு. கால் வழுக்குச்சு. விழப் போறவ எதைப் புடிப்பா? பக்கத்துல நின்ன குழாயைத்தான் புடிச்சா.

நான் அடுப்புக்குக் கொஞ்சம் காய்ஞ்ச வைக்கோல் எடுக்கலாம்னு கொட்டாய்க்கு வந்தவ, இதைக் கண்ணால பார்த்தேன். முட்டி போட்ட வாக்குல உக்காந்து, ரெண்டு கையிலயும் குழாயைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. கண்ணு மேல சொருகிப் போச்சு. வாயோரம் நுரை. சத்தமே வரலை. லாரிக்காரர் பார்த்துட்டு, "வலிப்பு, காக்கா வலிப்பு, கையில இரும்பைக் குடுங்க"ன்னாரு. வலிப்பு வந்தா சாவிக் கொத்தையோ அருவாளையோ கையில குடுக்கற பழக்கம் எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். உடனே இன்னொருத்தர், இரும்புக் குழாயைத்தான் புடிச்சிருக்குது, அது போதும், கையை எடுத்துறாதீங்க, தானாத் தெளிஞ்சுரும்னாரு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. பெத்தவ அலறிக்கிட்டு இழுக்க வந்தா. அவளை ரெண்டு பேரு புடிச்சுக்கிட்டாங்க, இரும்பைப் புடுங்கக் கூடாதுன்னு. பெத்தவளைப் புடிச்சு வச்சதுனாலதான் அவளும் கரண்ட்ல மாட்டாமப் பொழைச்சா, அது வேற கதை. பத்துப் பேரு வட்டமா நின்னு, அந்தப் புள்ளையைக் கொல்லுற குழாயை அவ கையிலயே விட்டுட்டு வேடிக்கை பார்த்தாங்க. வலிப்புன்னு நெனைச்சாங்க, நல்லதுன்னு நெனைச்சாங்க, அவங்களை நான் குத்தம் சொல்லலை. எங்க ஊட்டுக்காரரும் அந்த வட்டத்துக்குள்ளதான் நின்னாரு. தொட்டா அந்தக் குழாய் சுண்டி இழுக்கும்னு என் வாயால கேட்டுத் தெரிஞ்ச ஒரே ஆம்பளை அவரு. அவர் வாயில இருந்து ஒரு வார்த்தை வரலை.

சுவிட்சு ஊட்டுக்குள்ள இருந்துச்சு. ஓடிப் போயி நிறுத்தறதுக்குள்ள அவ போயிருவான்னு எனக்குத் தோணுச்சு. பல்பு வழியாத்தான் குழாய்க்குக் கரண்ட் போகுதுன்னு அவரு நூறு தடவை பீத்திக்கிட்டது அப்போ ஞாபகம் வந்துச்சு. மாங்கா பறிக்கற மூங்கில் சாத்தி வச்சிருந்துச்சு, நல்லாக் காய்ஞ்ச மூங்கில். எடுத்து ஓங்கி ஒரு அடி அடிச்சேன். பல்பு சிதறிப் போச்சு. அந்த நிமிசமே அவ கை குழாயை விட்டு, சேத்துல சாஞ்சா.

இருட்டுல முதல்ல கேட்ட குரல் அவருதுதான்.

"ஏ புள்ள, பல்பை எதுக்கு ஒடைச்ச?"

மூங்கிலைக் கீழ போட்டுட்டு அந்தப் புள்ளைகிட்ட ஓடினேன். நின்னு பதில் சொல்லியிருந்தா அந்த மூங்கில் அவர் தலையிலதான் எறங்கியிருக்கும். லாந்தரைப் பத்த வச்சுக் கொண்டு வந்தாங்க. அவ மூச்சு விட்டா, வாந்தி எடுத்தா, அம்மாளைத் தேடினா. ரெண்டு உள்ளங்கையிலயும் குழாய் தடிமனுக்கு வெந்து வெளுத்துப் போன கோடு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம்னு கெஞ்சினேன். வலிப்புக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு சொல்லிட்டு அவரு லாரிக்குக் கூடை ஏத்தப் போயிட்டாரு. ஆமாங்க, கூடை ஏத்தப் போயிட்டாரு.

மறுநாள் கொட்டாயில புதுப் பல்பு தொங்குச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல அன்னிக்கு ஊட்டுல உலை வைக்கலை. அப்பறந்தான் ஒண்ணைக் கவனிச்சேன். தண்ணியை இப்பவெல்லாம் பட்டப்பகல்ல, சுவிட்சைப் போடறதுக்கு முன்னாலயே ஊத்தச் சொல்றாரு. சாயங்காலம் வேலை நெருக்கடியாம். கொட்டாய்க்குப் போகையில கால்ல ரப்பர் செருப்பு. குழாய் இருக்கற பக்கமே திரும்பறதில்லை. அப்போ அது வலிப்பு இல்லைன்னு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுக்கிட்டேதான் கேக்கறவங்ககிட்டெல்லாம், பாவம் அந்தப் புள்ளைக்கு வலிப்புங்க, சின்ன வயசுல இருந்தே இருந்திருக்கும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. நான் நேராக் கேட்டதுக்கு, கரண்டுன்னு தெரிஞ்சா நாலு தோட்டத்துக்காரனும் என்னைக் காறித் துப்புவான்னு எங்கிட்டயே சொன்னாரு. அவரோட பேருக்கு ஒரு சொட்டு அழுக்கு ஒட்டக் கூடாது, அந்தப் புள்ளையோட பேரு எக்கேடு கெட்டா என்ன? அன்னிக்கு ராத்திரியே நான் எல்லாத்தையும் ஊருக்குச் சொல்லியிருக்கணும். சண்டை மட்டும் போட்டேன், ஊட்டுக்குள்ளயே, கதவைச் சாத்திக்கிட்டு.

பேச்சு பரவறதுக்கு எத்தனை நாள் ஆகும்? வலிப்புக்காரியைக் கட்டிக்கிட்டு என்ன பண்றதுன்னு ஆனமலையில பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு நாள் மத்தியானம் மாப்பிள்ளையோட அம்மா நேரா எங்க தோட்டத்துக்கே வந்துருச்சு. கூடவே பொண்ணோட அம்மாளும் அழுதுக்கிட்டே வந்துச்சு, பின்னால அந்தப் பொண்ணு, கையில துணி சுத்திக்கிட்டு. வந்த அம்மா நல்ல மாதிரி, குரலை ஒசத்தலை. உங்க தோட்டத்துலதான் விழுந்துச்சாம், நீங்க சொன்னா நான் நம்பறனுங்க, நெசமா வலிப்பான்னு எங்க ஊட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டுச்சு. கல்யாணம் நிக்கறதும் நடக்கறதும் அவரு சொல்லப் போற ஒத்த வார்த்தையில இருந்துச்சு. அந்தப் பொண்ணு அவர் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா.

அவரு மேல பார்த்தாரு, கீழ பார்த்தாரு. "என்ன பண்றதுங்க, வலிப்புதானுங்க"ன்னாரு.

எனக்குள்ள என்னமோ அத்துப் போச்சு. ஊட்டுக்குள்ள போனேன், கொட்டாய் சுவிட்சைப் போட்டேன். ஒரு குடம் தண்ணியைத் தூக்கிக்கிட்டு வந்து, குழாய்க்கு முன்னால மண்ணுல ஊத்திட்டு, குழாயைத் தொடாம எட்ட வந்து நின்னேன். பகல் வெளிச்சத்துல பல்பு மஞ்சளா எரிஞ்சுது. எல்லாரையும் அங்க வரச் சொன்னேன். வந்தாங்க.

"வலிப்புதானுங்களே. அப்போ இது வெறுங்குழாய். செருப்பைக் கழட்டிப்போட்டு, அந்தப் புள்ளை நின்ன எடத்துல நின்னு, ரெண்டு கையாலயும் புடிச்சுக் காட்டுங்க."

கல்யாணம் ஆகி அத்தனை வருசத்துல, அடுத்தவங்க முன்னால நான் அவரை அப்படிப் பேசினதில்லை. கிறுக்குப் புடிச்சிருச்சான்னு கேட்டாரு. புடிச்சிருச்சு, நீங்க குழாயைப் புடிங்கன்னேன். கையை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. முகம் வேர்த்துப் போச்சு. வந்த அம்மா குழாயைப் பார்த்துச்சு, அவர் செருப்பைப் பார்த்துச்சு, பொண்ணு கையில இருந்த துணியைப் பிரிச்சு அந்தக் கோட்டைப் பார்த்துச்சு. அவரு மட்டும் வீம்புக்குக் கையை நீட்டியிருந்தா நான் தடுத்திருப்பேனான்னு கேட்டா, இன்னிக்கும் எனக்குத் தெரியலை.

அவரு நீட்டலை. விறுவிறுன்னு ஊட்டுக்குள்ள போயி சுவிட்சை அணைச்சாரு. பல்பு அணைஞ்சுது. வெளிய வந்தவரைப் பார்த்து அந்த அம்மா கேட்டுச்சு.

"இப்ப ஓடிப் போயி நிறுத்தத் தெரியுதில்லீங்க? எங்கூட்டுக்கு வரப்போற புள்ளை துடிச்சப்போ ஏனுங்க நிறுத்தலை?"

எங்கூட்டுக்கு வரப்போற புள்ளைன்னு அது சொன்னதும், பொண்ணோட அம்மா அப்படியே மண்ணுல உக்காந்துருச்சு. வைகாசியில குறிச்ச நாள்லயே கல்யாணம் நடந்துச்சு. நான் மட்டும் போயிட்டு வந்தேன்.

அந்தக் கேள்விக்கு அவரு அன்னிக்கும் பதில் சொல்லலை, சாகற வரைக்கும் சொல்லலை. எங்கிட்ட அந்த அம்மா கேக்கலை. கேட்டிருந்தா நானும் முழிச்சிருப்பேன். மூணு தடவை என்னைச் சுண்டி இழுத்ததுக்கு அப்பறமும், குடத்தை அவரு அந்தப் புள்ளை கையில குடுக்க விட்டேன். சுவிட்சு எங்க ஊட்டுக்குள்ள, என் கைக்கு எட்டற ஒசரத்துலதான் இருந்துச்சு.